நோட்டைத் திருப்பி வைத்ததும் சரியான கூட்டல்

வீட்டிலேயே படிக்கும் என் 8 வயது மகளுக்கு மூன்று இலக்கக் கூட்டல் ஒரு வாரமாகத் தப்பாகவே வந்தது. வாய்க்கணக்காகக் கேட்டால் சரியாகச் சொல்வாள். தாளில் எழுதினால் தப்பு.

முதலில் பயிற்சியைக் கூட்டினேன். அழுகைதான் மிச்சம். அப்புறம் மூன்று நாள் கணக்கையே தொடவில்லை. அவசரமில்லாத வீடு எங்களுடையது, விட்டுவைப்பது சுலபம், பலன்தான் இல்லை. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தேன். அதில் ஒரு பிழையும் வரவில்லை.

பிறகுதான் தப்பான விடைகளை உட்கார்ந்து பார்த்தேன். 246 + 38 என்பதற்கு 626 எழுதியிருந்தாள். 246-உடன் 380-ஐக் கூட்டினால் வருவது அது! கோடில்லாத தாளில், வாசிப்பதைப் போலவே இடப்பக்கத்திலிருந்து தொடங்கி, 38-ஐ 24-க்கு நேர் கீழே எழுதியிருக்கிறாள். கூட்டலில் தப்பே இல்லை.

கோடு போட்ட நோட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். கோடுகள் நெடுக்காக நின்றன. ஒன்று, பத்து, நூறு என ஒவ்வொன்றுக்கும் ஓர் இடைவெளி. எண்களை வலப்பக்க ஓரத்திலிருந்து எழுதச் சொன்னேன். அன்றைக்குக் கொடுத்த ஆறு கணக்கும் சரி. கட்டம் போட்ட நோட்டு வாங்கலாம்தான், இப்போதைக்கு இதுவே போதுமாக இருக்கிறது.