அமெரிக்க வண்டியா, ஐரோப்பிய வண்டியா: ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்முன் எங்கெங்கே பார்க்க வேண்டும்

வளைகுடாவுக்கு வேலைக்கு ஆள் போகாத தெரு, நெல்லைப் பக்கம் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் குறைவு. அப்படிப் போன பையன்களுக்குக் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முதலில் வருவது ஒரு ஃபோர்டு மஸ்டாங் கார் போட்டோ. "மாமா, அமெரிக்கன் ஸ்பெக்காம், விலை ரொம்பக் கம்மி, எடுக்கட்டுமா?" இதே கேள்வியை வேறு மாதிரி இங்கேயும் கேட்கிறார்கள்: யாரோ ஒரு முதலாளி வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிய பழைய போர்ஷே இருக்கிறது, ஸ்பேர் எங்கே ஆர்டர் போடுவது என்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். வண்டி எந்த நாட்டில் செய்தது என்பதை விட்டுவிடுங்கள், எந்த நாட்டு ரோட்டுக்காகச் செய்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள், ஸ்பெக் என்பது அதுதான். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே வருடமாக இருந்தாலும் விளக்கு, மீட்டர், பம்பர், சில சமயம் இன்ஜினே வேறாக இருக்கும்.

அதிலும் "ஐரோப்பிய மாடல்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறார்களே, அங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி எல்லாம் அமெரிக்கா மாதிரியே வலதுபக்கம் ஓட்டுகிற ஊர்கள், ஸ்டீயரிங் இடதுபக்கம். நம்மைப் போல இடதுபக்கம் ஓட்டுவது பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ். ஆக நமக்குப் பொருந்துகிற ஐரோப்பிய வண்டி என்றால் அது நடைமுறையில் பிரிட்டன் வண்டிதான், ஜெர்மன்காரன் தன் ஊரில் ஓட்டியது இல்லை.

சேஸ் நம்பரில் ஆரம்பியுங்கள், அது செலவில்லாத வேலை. 1981க்குப் பிறகு வந்த வண்டி என்றால் எழுத்தும் எண்ணுமாக 17 இடம் இருக்கும். போர்ஷே, ஆடி, ஃபோக்ஸ்வேகன் மூன்றிலும் நான்காவது இடத்திலிருந்து மூன்று இசட் வரிசையாக வந்தால் அது ஐரோப்பாவுக்கோ மற்ற நாடுகளுக்கோ போன வண்டி. அந்த இடத்தில் வேறு எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் வட அமெரிக்காவுக்குப் போனது. எல்லாக் கம்பெனிக்கும் இந்தக் கணக்கு செல்லாது. மஸ்டாங்குக்கு இதை வைத்துப் பார்க்காதீர்கள். பழைய மஸ்டாங்கில் பெயருக்குப் பதில் டி-5 (T-5) என்று எழுதியிருந்தால் டூப்ளிகேட் என்று நினைத்து ஓடிவிடவும் வேண்டாம், அந்தப் பெயர் ஜெர்மனியில் வேறு கம்பெனி கையில் இருந்ததால் 1970களின் கடைசி வரை ஃபோர்டு அங்கே அப்படித்தான் விற்றது.

அடுத்து வண்டியைச் சுற்றி ஒரு நடை. முன் மட்கார்டு ஓரத்தில் மஞ்சள், பின் மட்கார்டு ஓரத்தில் சிவப்பு என்று பக்கவாட்டில் சின்ன விளக்கு இருந்தால் அமெரிக்க வண்டி. அங்கே 1968இலிருந்து வந்த விதி அது. பின்னால் இண்டிகேட்டர் எந்த நிறத்தில் அடிக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் சிவப்பிலேயே அடிக்கலாம், பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் ஒரே பல்பில் ஓடுவது சகஜம். ஐரோப்பாவில் ஆம்பர் கட்டாயம். நம் மோட்டார் வாகன விதியும் ஆம்பர்தான் கேட்கிறது, நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை அடிக்க வேண்டும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மஸ்டாங்கின் சிவப்பு டெயில் லேம்ப் மூன்று பட்டையாக ஓடி ஓடி எரிவதைப் பார்த்து மயங்கி, அதை வாங்கி இங்குள்ள வண்டியில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வயரிங் ஒத்துவராது, ஒத்துவர வைத்தாலும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்கும்போது தெரியும். பின்னால் பனிமூட்ட விளக்கு ஒன்று தனியாக இருந்தால் பெரும்பாலும் ஐரோப்பா. நம் ஊரில் அதைப் போட வேண்டிய நாள் வருடத்தில் எத்தனை வரும் என்பது வேறு விஷயம்.

ஹெட்லைட்தான் நான் அதிக நேரம் நிற்கும் இடம். கண்ணாடியில் டி.ஓ.டி. (DOT, அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கம்) என்ற எழுத்து இருந்தால் அமெரிக்கா. வட்டத்துக்குள் ஆங்கில ஈ (E) எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தால் ஐரோப்பிய விதிப்படி செய்தது. அந்த எண் அனுமதி கொடுத்த நாட்டைத்தான் சொல்லும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 11 பிரிட்டன். ஈ1 என்று இருப்பதால் மட்டும் அது வலதுபக்கம் ஓட்டுகிற ஊர் விளக்கு ஆகிவிடாது, ஜெர்மனியில் அனுமதி வாங்கிய விளக்கு பிரிட்டன் வண்டியிலும் இருக்கும். அதற்கு அம்புக்குறியைத் தேட வேண்டும். விளக்குக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் உங்கள் வலதுகைப் பக்கம் காட்டும் அம்பு இருந்தால், அது நம்மைப் போல இடதுபக்கம் ஓட்டும் நாட்டு விளக்கு. அம்பே இல்லை என்றால் வலதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. இருபுறமும் முனை உள்ள அம்பு என்றால் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தால் சுவரில் அடித்துப் பாருங்கள். இருட்டுகிற நேரம், சமதரை, எதிரே வெள்ளையடித்த சுவர். பேட்டைப் பக்கம் ரைஸ்மில் சுவர் ஒன்று இதற்கென்றே கட்டிவைத்த மாதிரி இருக்கும். சுமார் 25 அடி தள்ளி நிறுத்தி லோ பீம் போடுங்கள். நமக்கான விளக்கு என்றால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராக வந்து, நடுவிலிருந்து இடதுபக்கம் மட்டும் சரிவாக மேலே ஏறும். ரோட்டோரம் நடந்து வருகிறவர், சைக்கிள், ஆடு எல்லாம் அந்தச் சரிவில்தான் தெரியும். ஜெர்மனிக்காரன் விளக்கில் அதே சரிவு வலதுபக்கம் ஏறும். அதோடு ராத்திரியில் சேரன்மகாதேவி ரோட்டில் போனால் எதிரே பைக்கில் வருகிறவர் கண்ணில் நேராகக் குத்தும், உங்கள் இடதுபக்கம் கும்மிருட்டாக இருக்கும். அமெரிக்க விளக்கில் விளிம்பே தெளிவாகத் தெரியாது. மேலே தொங்கும் வழிகாட்டிப் பலகைக்கும் வெளிச்சம் போகட்டும் என்று கொஞ்சம் சிதறவிட்டிருப்பார்கள், கனம் வலதுபக்கமாகச் சாயும். பல்பை மாற்றினாலோ திருகை முடுக்கினாலோ இது சரியாகாது, முழு விளக்கையும் பிரிட்டன் வகைக்கு மாற்ற வேண்டும்.

பழைய வண்டிக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. 1983 வரை அமெரிக்காவில் சீல்டு பீம், அதாவது பல்பும் கண்ணாடியும் ஒன்றாக மூடிய விளக்கு மட்டுமே அனுமதி என்பதால் எம்ஜிபி, டாட்சன் 240இசட், 1965 மஸ்டாங் போன்றவற்றில் 7 இன்ச் வட்ட விளக்குதான். அம்பாசிடருக்கும் ஜீப்புக்கும் விற்கிற அதே அளவு ஹெச்4 பல்பு போடும் டூம் வாங்கி மாட்டினால் முடிந்தது கதை. இங்கே விற்பது இங்கத்திய ரோட்டுக்கானது. பழைய வயரிங் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டி ஒரு ரிலே மட்டும் போட்டுவிடுங்கள்.

உள்ளே உட்கார்ந்தால் மீட்டர். மைல் கணக்கில் ஓடுகிற வண்டியை கிலோமீட்டர் என்று சொல்லி விற்பது பழைய தந்திரம். 60,000 மைல் என்றால் 96,560 கிலோமீட்டர். பிரிட்டனிலும் மைல்தான் என்பதால் மைல் மீட்டரைப் பார்த்ததும் அமெரிக்கா என்று முடிவு கட்ட வேண்டாம். ஸ்பீடோமீட்டர் 85 மைலோடு நின்றுவிட்டால் 1980ஐ ஒட்டி வந்த அமெரிக்க வண்டி, அந்தச் சில வருடங்கள் அதற்குமேல் எண் போடக்கூடாது என்று அவர்கள் அரசாங்கம் சொல்லியிருந்தது. ரேடியோவையும் திருப்பிப் பாருங்கள். அமெரிக்க ரேடியோ 93.5, 93.7 என்று ஒற்றைப்படையில் மட்டும் தாவினால் 106.4 போன்ற ஸ்டேஷன் அதில் வரவே வராது. அமெரிக்க வண்டியில் டிரைவர் பக்கம் பின்னால் பார்க்கும் கண்ணாடி தட்டையாக இருக்கும், உருவம் உள்ளபடி தெரியும், ஆனால் பக்கத்தில் ஏறிவரும் பைக் மறைந்துவிடும்.

பெட்ரோல் விஷயத்தைச் சாதாரணமாக விட வேண்டாம். அமெரிக்க வண்டியின் டேங்க் மூடியில் 91 என்று போட்டிருக்கும். நம் சாதா பெட்ரோலுக்கு பிஎஸ்6 விதி முதலில் சொன்ன குறைந்தபட்ச எண்ணும் 91. சரி, பொருந்துகிறதே என்று அந்த 91ஐ நிரப்பினால் மேட்டில் ஏறும்போது இன்ஜின் டக்டக்கென்று நாக் அடிக்கலாம். காரணம், அவர்கள் ஆக்டேனை இரண்டு முறையில் அளந்து சராசரி போடுகிறார்கள், நாமும் ஐரோப்பாவும் ரான் என்ற ஒரே முறையில் சொல்கிறோம். அவர்களின் 91 நம் கணக்கில் சுமார் 95, 96. ஆகவே பங்கில் 95 வகைக்குக் கீழே இறங்க வேண்டாம், நம்மூர் வெயிலில் ஐரோப்பிய வண்டிக்கு 98 கேட்டிருந்தால் 100 ஆக்டேன் கிடைக்கும் ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள். 1980களுக்கு முந்தைய வண்டி என்றால் எத்தனால் கலந்த பெட்ரோல் ரப்பர் ஹோஸை அரிக்கும், அதை முதலிலேயே மாற்றிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

இன்ஜின் வித்தியாசம் பழைய வண்டிகளில்தான் பெரிது. போர்ஷே 911 கரெரா 3.2, 1984 மாடல்: ஐரோப்பாவில் 231 குதிரைத்திறன், அமெரிக்காவில் 207. புகை விதிக்காக கம்ப்ரஷனை 10.3இலிருந்து 9.5க்கு இறக்கி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வைத்தார்கள். பிஎம்டபிள்யூவின் இ36 தலைமுறை எம்3 அதைவிட மோசம், ஐரோப்பாவில் 286, அமெரிக்காவில் 240. பின்னால் ஒட்டியிருக்கும் எம்3 ஒன்றுதான், உள்ளே இன்ஜின் வேறு, பார்ட் நம்பர் வேறு. ஆனாலும் நம் பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் கம்ப்ரஷன் குறைந்த அமெரிக்க இன்ஜின் அப்படியொன்றும் கெட்டதில்லை என்பது என் கட்சி. நான்குவழிச் சாலையில் கயத்தாறு தாண்டி அந்த 24 குதிரையை எங்கே கொண்டுபோய் ஓட்டப்போகிறீர்கள்?

பம்பர் பெரிதாகத் துருத்திக்கொண்டு வண்டி கொஞ்சம் உயரமாக நின்றால் 1970களின் அமெரிக்க விதி, மணிக்கு 5 மைல் வேகத்தில் இடித்தாலும் அடிபடக்கூடாது என்று. அழகு போய்விட்டது என்று ஐரோப்பிய பம்பர் தேடி அலைகிறார்கள். நம் ஸ்பீடு பிரேக்கர்களை நினைத்துப் பார்த்தால் அந்த உயரத்தை நான் இறக்கமாட்டேன். நம்பர் பிளேட் இடமும் பாருங்கள்: அமெரிக்கப் பிளேட் 12 இன்சுக்கு 6 இன்ச், நம்முடைய நீளப் பிளேட் 500க்கு 120 மில்லிமீட்டர். அமெரிக்கக் குழிக்குள் அது உட்காராது, டிங்கரிங் வேலை வரும்.

இனி சட்டம். வெளிநாட்டில் ஓடிய வண்டியை இங்கே கொண்டுவந்து நம்பர் போட வேண்டும் என்றால் செய்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலதுபக்கம் இருக்க வேண்டும், மீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும், ஹெட்லைட் இடதுபக்கம் ஓட்டுவதற்கேற்ப இருக்க வேண்டும். ஷார்ஜா மஸ்டாங் ஸ்டீயரிங்கிலேயே அடிபட்டுப்போகும். தூத்துக்குடியில் துறைமுகம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள், பழைய வண்டிக்கு மும்பைதான் வாசல். இங்கேயே பழைய ஆர்.சி. புக்கோடு இருக்கும் இடதுபக்க ஸ்டீயரிங் வண்டி வேறு கணக்கு; ஒழுங்கான சிக்னல் கருவி இருந்தால் ஓட்டலாம் என்று 1988 சட்டத்தின் 120ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. 50 வருடம் தாண்டியிருந்தால் 2021இல் வந்த விதிப்படி விஏ வரிசையில் விண்டேஜ் பதிவும் வாங்கலாம், ஆனால் அப்புறம் அதில் தினமும் டவுனுக்குப் போய்வர முடியாது.

வளைகுடாவிலேயே ஓட்டிவிட்டு அங்கேயே விற்கப் போகிறவர்களுக்கு ஒன்று: அமெரிக்கன் ஸ்பெக் மலிவாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம், அங்கே விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி இன்சூரன்ஸ்காரன் கழித்துக்கட்டிய வண்டியை ஏலத்தில் எடுத்துத் தட்டி நிமிர்த்தி அனுப்புவதுதான். சேஸ் நம்பரை வைத்து அமெரிக்க ரிப்போர்ட் எடுங்கள், சால்வேஜ் என்று இருந்தால் ஏர்பேக் உள்ளே உண்மையிலேயே இருக்கிறதா என்று மெக்கானிக்கை வைத்துத் திறந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இங்கே 2016இல் வந்த மஸ்டாங் வைத்திருப்பவர் அமெரிக்காவிலிருந்து பார்ட் வரவழைக்கலாம். பிரேக் பேடு, ஃபில்டர், பிளக் எல்லாம் பிரச்சினை இல்லை. விளக்கு, டாஷ்போர்டு, ஸ்டீயரிங் பக்கம் உள்ளவை, இன்ஜினிலிருந்து இறங்கும் சைலன்சர் குழாய் ஆகியவற்றை மட்டும் பிரிட்டன் பார்ட் நம்பர் பார்த்து எடுங்கள். ஸ்டீயரிங் ராடு வலதுபக்கம் இறங்குவதால் அமெரிக்கக் குழாய் அதில் போய் முட்டும். பணம் கட்டும்முன் கடைக்காரனுக்குச் சேஸ் நம்பரையும், விளக்கின் மேல் உள்ள எழுத்தைக் கிட்டத்தில் எடுத்த போட்டோவையும் அனுப்பி, பொருந்தும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு பார்ட் விலையைத் தாண்டிவிடும்.