ஏற்காட்டுச் சரிவில் புல்வெட்டும் வண்டி: ஹைட்ராலிக்கும் பிரேக்கும் நாமே பார்த்துக்கொள்வது

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பஸ் டிரைவரின் காலைக் கவனித்துப் பாருங்கள். பிரேக் மிதியைத் தொட்டுத்தொட்டு எடுப்பார், அவ்வளவுதான். வண்டியைப் பிடித்து வைத்திருப்பது கியர். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அடிவாரம் வருவதற்குள் லைனர் கருகும் வாசனை மூக்கில் ஏறிவிடும்.

உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய புல்வெட்டும் மெஷினிலும் கதை இதேதான். குறிப்பாக, ஸ்டீயரிங் இல்லாமல் இரண்டு கை லீவர் மட்டும் வைத்த ஜீரோ டர்ன் வண்டியில். ஓடும்போது அதை நிறுத்துவது ஹைட்ராலிக் ஆயில். பிரேக் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் லீவர், நின்ற வண்டி நகராமல் இருப்பதற்கு மட்டும். இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் ஸ்பேனர் வேலைதான்.

நான் சேலத்திலிருந்து மேலே போய் இந்த வண்டிகளை சர்வீஸ் பார்க்கிறவன். பள்ளிக்கூட மைதானம், ரிசார்ட் புல்வெளி, எஸ்டேட் பங்களா முற்றம் என்று எங்கே போனாலும் இன்ஜின் ஆயிலைப் பற்றிக் கேட்பார்கள், பிளேடு சாணை பிடிப்பதைப் பற்றிக் கேட்பார்கள். ஹைட்ராலிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

இன்ஜின் ஒரு பெல்ட்டைச் சுற்றுகிறது. பெல்ட் இரண்டு பம்புகளைச் சுற்றுகிறது. இடது பம்ப் இடது பின்சக்கரத்தின் மோட்டாருக்கு ஆயிலைத் தள்ளும், வலது பம்ப் வலது பக்கத்துக்கு. சில வண்டிகளில் பம்பும் மோட்டாரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், சிலவற்றில் தனித்தனியாக வைத்து ஹோஸ் போட்டிருப்பார்கள். லீவரை முன்னே தள்ளினால் ஆயில் ஒரு பக்கம் ஓடும், பின்னே இழுத்தால் மறுபக்கம். நடுவில் வைத்தால் ஆயில் போக வழியில்லை, சக்கரம் நின்றுவிடும்.

ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கிப் பாருங்கள். அசையாது. அதிலேயே கொஞ்சம் காற்றை விட்டு அமுக்கினால் மெத்தென்று உள்ளே போகும். உங்கள் வண்டியின் ஆயிலில் காற்று கலந்தாலும் இப்படித்தான்: லீவரை நடுவில் வைத்த பிறகும் சரிவில் கொஞ்சம் வழுகிப் போய்த்தான் நிற்கும்.

வேலை தொடங்கும் முன்

சமதளத்தில் நிறுத்துங்கள். ஏற்காட்டில் சமதளம் தேடுவது சிரமம்தான், ஆனாலும் தேடுங்கள். பிளேடை ஆஃப் செய்து, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி வையுங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. லாரி கிளீனர்கள் கட்டை போடாமல் வண்டிக்கு அடியில் தலையை விடமாட்டார்கள், அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும். பின்பக்கத்தைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்டாண்டு கொடுங்கள்.

வண்டி அப்போதுதான் ஓடி வந்திருந்தால் ஆறட்டும். ஒரு டீ குடித்துவிட்டு, இன்னொரு டீயும் குடிக்கிற நேரம் ஆகும்.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஆயில் ஊசி முனை ஓட்டை வழியாகச் சீறினால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்திய மாதிரிதான் இருக்கும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை கெட ஆரம்பிக்கும். அப்படி நடந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே மலை இறங்கி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் ஆயில் பாய்ந்தது என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். கசிவு தேட ஓர் அட்டைத் துண்டு போதும். அதை ஹோஸ் ஓரமாகக் காட்டினால் ஈரம் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும்.

ஆயிலைப் பார்ப்பது

மூடியைத் திறப்பதற்கு முன்னால் சுற்றிலும் உள்ள புல் தூசியைத் துடையுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். பம்புக்குள் இருக்கும் இடைவெளிகள் தலைமுடியைவிட மெல்லியவை, ஒரு சிட்டிகை மண் போனால் கோடு கோடாகக் கீறிவிடும். பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் நூல் பிரிந்து உள்ளே விழும். நூல் விடாத பழைய வேட்டித் துணி நல்லது.

ஆயில் குளிர்ந்திருக்கும்போது டேங்கில் உள்ள கோடு வரை இருந்தால் போதும். கழுத்து வரை ஊற்றாதீர்கள். சூடானால் ஆயில் விரியும், அதற்குத்தான் மேலே இடம் விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் நிறம். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் நல்லது. கருத்து, கருகல் வாசனை வந்தால் அதிகம் சூடாகியிருக்கிறது. மேலே நுரை கட்டியிருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

அந்தக் கடைசி வகையை நான் மேலே ஒரு ரிசார்ட்டில் பார்த்தேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஓட்டுகிற பையன் ரொம்பச் சுத்தக்காரன். தினமும் சாயங்காலம் சூடு ஆறுவதற்குள் ஹோஸ் பைப்பைப் பிடித்துத் தலையோடு குளிப்பாட்டிவிடுவான். டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்கும். சூடான டேங்க் மேல் குளிர்ந்த தண்ணீர் விழுந்ததும் உள்ளே காற்று சுருங்கி, துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. “அண்ணா, சுத்தமா வச்சது தப்பா?” என்று கேட்டான். தப்பில்லை தம்பி, காற்று அடித்து, துணியால் துடை, தண்ணீர் வேண்டாம் என்றேன். போதாததற்கு ஏற்காட்டில் மூடுபனி வேறு. திறந்த ஷெட்டில் நிற்கும் வண்டியின் டேங்கில் தானாகவே ஈரம் கோக்கும். தார்ப்பாய் போடுவதானால் காற்றோட்டம் இருக்கும்படி போடுங்கள்.

ஆயில், ஃபில்டர் மாற்றுவது

எந்த ஆயில் என்பதை உங்கள் வண்டியின் கையேடுதான் சொல்ல வேண்டும். நிறைய ஜீரோ டர்ன் வண்டிகளுக்கு 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலே போதும், சிலவற்றுக்கு அந்தக் கம்பெனியின் தனி ஹைட்ராலிக் ஆயில்தான். இரண்டையும் கலக்காதீர்கள். பிரேக் ஆயிலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள். பெயரைப் பார்த்து ஏமாந்து ஊற்றியவர்கள் உண்டு. அது ரப்பர் சீல்களை ஊதிப்போக வைத்துவிடும்.

புது வண்டிக்கு முதல் மாற்றம் சீக்கிரம் வரும். பெரும்பாலும் 75 முதல் 100 மணி நேரத்துக்குள். புதுப் பற்களும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் இரும்புத்தூள் எல்லாம் அந்த முதல் ஆயிலில்தான் இருக்கும். அதற்குப் பிறகு 400, 500 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பல கம்பெனிகள் சொல்கின்றன. வண்டி ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் ஹவர் மீட்டரைப் பார்த்து, அடுத்த எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதி டேங்கிலேயே ஒட்டிவிடுங்கள். நோட்டில் எழுதினால் நோட்டு தொலையும்.

வேலை இப்படி. அடியில் தட்டு வைத்து, ஃபில்டரைச் சுற்றித் துடைத்து, கழற்றி, ஆயில் முழுக்க வடியும் வரை விடுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடு வந்ததா என்று பாருங்கள். வண்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் புதுசை மாட்டினால் கொட்டித் தீர்க்கும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் திருகுங்கள். வளையம் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று. ஸ்பேனர் தேவையில்லை. சில வண்டிகளில் இடது, வலது என்று இரண்டு ஃபில்டர்கள் இருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். பிறகு கோடு வரை நிதானமாக ஊற்றுங்கள்.

பழைய ஆயிலைக் காபிச் செடி ஓரத்தில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் அது எங்கே இறங்கும் என்று மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.

காற்றை வெளியேற்றுவது

ஃபில்டர் மாற்றினால் உள்ளே காற்று போயிருக்கும், அதை எடுத்தே ஆக வேண்டும். வண்டியின் பின்பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பைபாஸ் கம்பியோ திருகோ இருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்காக வைத்தது. அதைத் திறந்தால் ஆயில் சக்கரத்தைப் பிடிக்காது.

சமதளத்தில், கட்டைகள் போட்டபடியே, இரண்டு பைபாஸையும் திறங்கள். கழற்றி வைத்த ஸ்பார்க் பிளக் ஒயரை மாட்டி, சீட்டில் உட்கார்ந்து இன்ஜினை மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, பார்க்கிங் பிரேக்கை எடுத்துவிட்டு, லீவர்களை முன்னும் பின்னும் ஐந்தாறு முறை நிதானமாக ஆட்டுங்கள். இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டு, பைபாஸை மூடி, கட்டைகளை எடுங்கள். இப்போது ஆளில்லாத இடத்தில் மெதுவாக முன்னே, பின்னே ஐந்தாறு முறை ஓட்டுங்கள். ஆரம்பத்தில் ங்ங்ங் என்று முனகும், லீவர் இழுப்பதற்கும் சக்கரம் நகர்வதற்கும் இடையே தாமதம் இருக்கும். போகப்போகச் சத்தம் அடங்கும். பிறகு இன்ஜினை நிறுத்தி, ஒயரை மறுபடி கழற்றி வைத்து, ஆயில் மட்டத்தைத் திரும்பப் பாருங்கள், நிச்சயம் இறங்கியிருக்கும். உங்கள் கையேடு சக்கரத்தைத் தூக்கி வைத்துச் செய்யச் சொன்னால் முதல்முறை பழகிய மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள். அதற்காக, ஆள் எழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சீட் சுவிட்சை ஒயர் போட்டு ஏமாற்றும் வேலை மட்டும் வேண்டாம்.

சூடானால் சோர்ந்து போகும் வண்டி

காலையில் நன்றாக ஏறுகிறது, பதினொரு மணிக்கு மேல் ஏற்றத்தில் திணறுகிறது என்பார்கள். பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் குனிந்து பாருங்கள். பம்பின் மேல் ஒரு சின்ன விசிறி இருக்கும், அதன் இறக்கைகள் உடைந்திருக்கலாம். பம்ப் உடம்பில் உள்ள வரிகளில் புல்லும் சில்வர் ஓக் சருகும் மெத்தை போலப் படிந்திருக்கும். அதைக் குச்சியால் நோண்டி எடுத்தாலே பாதி வியாதி தீரும். பெல்ட் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தால் வழுக்குகிறது, மாற்றுங்கள்.

ஒரே பெல்ட்தான் இரண்டு பம்பையும் சுற்றுகிறது என்றால், ஒரு பக்கம் மட்டும் சோர்வாக இருப்பதற்கு பெல்ட் காரணமாக இருக்க முடியாது. அந்தப் பக்கத்து பைபாஸ் முழுக்க மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து சோர்ந்தால் பெல்ட், ஆயில் என்று போகலாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதையும் மறக்க வேண்டாம். காற்று மெலிந்திருப்பதால் சேலத்தில் கொடுத்த சக்தியை அதே இன்ஜின் மேலே கொடுக்காது.

பிரேக்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிரேக் போட்டு, வண்டியைத் தள்ளிப் பார்த்து, நகரவில்லை, பிரேக் நன்றாக இருக்கிறது என்பார்கள். நகராமல் பிடித்துக்கொண்டிருப்பது ஆயிலாக இருக்கலாம். ஓர் எஸ்டேட்டில் அப்படித்தான் ஆனது. பிரேக் கம்பியின் நட்டு கழன்று பல மாதம் ஆகியிருந்தது, லீவர் மட்டும் டக்கென்று பூட்டிக்கொண்டது, ஆயில் பிடித்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் வண்டியைத் தள்ள பைபாஸைத் திறந்தார்கள். நேராக ரோஜாப் பாத்தியில் போய் நின்றது. நல்லவேளை, குறுக்கே யாரும் இல்லை.

அதனால் சோதனையை இப்படிச் செய்யுங்கள். சமதளம், இன்ஜின் ஆஃப். கட்டைகளைச் சக்கரத்திலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். பைபாஸ் இரண்டையும் திறந்து, பிரேக்கைப் போட்டு, இரண்டு பேர் தள்ளுங்கள். இரண்டு பின்சக்கரமும் அசையக் கூடாது. பிரேக்கை எடுத்தால் லேசாக உருள வேண்டும். போட்டால் பிடிக்கவில்லை என்றால் கம்பி தளர்ந்திருக்கிறது, எடுத்தும் உருளவில்லை என்றால் உரசிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் பைபாஸை மூட மறக்காதீர்கள்.

சரிசெய்ய, லீவரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியைத் தொடர்ந்து போனால் ஒரு ஸ்பிரிங்கும் இரட்டை நட்டும் இருக்கும். பிரேக் போட்ட நிலையில் ஸ்பிரிங் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். அரைச் சுற்று, அரைச் சுற்றாக நட்டைத் திருப்பி, ஸ்கேல் வைத்து அளந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். கம்பி மூட்டுகளில் துரு ஏறியிருந்தால் தேய்த்து, ஒரே ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். டிஸ்க்கிலோ பேடிலோ படக் கூடாது. மூட்டு கழலாமல் பிடித்திருக்கும் வளைத்த கம்பியான காட்டர் பின் துருப்பிடித்திருந்தால் அதைத் திரும்ப மாட்டாதீர்கள், புதுசு போடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த பிரேக்கை இழுக்காதீர்கள், அது அதற்குச் செய்ததல்ல. சரிவும் 15 டிகிரிக்கு மேல் வேண்டாம், அங்கே கையால் வெட்டும் மெஷின்தான் சரி. புல் ஈரமாக இருந்தால் 15 டிகிரியும் அதிகம். சக்கரம் பிடிப்பை இழந்தால், ஆயில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வண்டி சறுக்கத்தான் செய்யும்.

எல்லாம் முடிந்த அன்று இரவு, வண்டிக்கு அடியில் பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் பனி விலகியதும் போய்ப் பாருங்கள். சொட்டு எந்த இடத்தில் விழுந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே தேடுங்கள். அட்டை காய்ந்து கிடந்தால் ஸ்பார்க் பிளக் ஒயரை மாட்டிவிட்டுப் புல் வெட்டப் போகலாம்.