சிவப்பு ஜாக்குவுக்கு எத்தனை கட்டம்? ராட்சத ரோபோ ஆட்டம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராட்சத ரோபோ அனிமே பார்த்துவிட்டு அதை மேஜையில் பொம்மையும் பகடையும் வைத்து ஆடும் டேபிள்டாப் ஆட்டமாக மாற்றக் கிளம்புகிறவர்கள் சோதனை ஆட்டத்துக்கு அவ்வப்போது என்னையும் கூப்பிடுவார்கள். போய் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் புரட்டியதுமே தெரிந்துவிடும், நாங்கள் எல்லாம் விழுந்து எழுந்த அதே குழி. விதிகளைச் சுருக்கமாக எழுது, நாலு பேரை வைத்து ஆடிப் பார் என்கிற அறிவுரை எங்கேயும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன். இந்த வகை அனிமேக்கென்றே இருக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம். உதாரணங்கள் பெரும்பாலும் 1979-ல் வந்த முதல் கன்டம் தொடரிலிருந்துதான். ஆட்டம் எழுத வருகிறவர்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

தரவுத்தாளை அப்படியே எண்ணாக்குவது

கதாநாயகன் அமுரோ ஓட்டும் ரோபோவான கன்டத்தின் உயரம் 18 மீட்டர், எடை 43.4 டன், மின் உற்பத்தி 1380 கிலோவாட். எதிரிப் படையின் பைலட் ஷார் ஓட்டும் சிவப்பு ஜாக்கு ரோபோவுக்கு 976 கிலோவாட். ரசிகர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆட்டம் எழுத உட்கார்ந்ததும் கை தானாக அங்கேதான் போகும். நூறால் வகுத்தால் கன்டத்துக்கு பலம் 14, ஜாக்குவுக்கு 10. எடையிலிருந்து கவசம், உந்துவிசையிலிருந்து வேகம். அப்புறம் விழும் அடியைக் குறிக்க கைக்கு இத்தனை பெட்டி, காலுக்கு இத்தனை பெட்டி, தலைக்கு இத்தனை. அட்டவணை நிரம்ப நிரம்ப வேலை நடக்கிற மாதிரியே இருக்கும். நடப்பது கணக்கெழுதும் வேலை.

ஒரு சோதனை ஆட்டம் சொல்கிறேன். எழுதியவர் கல்லூரி மாணவர், கெட்டிக்காரர். தொடரின் இரண்டாம் அத்தியாயத்தை அப்படியே மேஜையில் விரித்திருந்தார்: ஒரு பக்கம் ஒயிட் பேஸ் விண்கப்பலும் கன்டமும், இன்னொரு பக்கம் ஷாரும் சாதாரண ஜாக்குகளும். ஷாருடைய ஜாக்கு தளபதிகளுக்கான ரகம். தரவுப்படி அதன் உந்துவிசை சாதாரண ஜாக்குவைவிடச் சுமார் முப்பது சதவீதம்தான் அதிகம். ஆகவே சாதாரண ஜாக்குவுக்கு ஆறு கட்டம், ஷாருக்கு எட்டு. ஷாராக ஆடிய பையன் ஆசையாகச் சிவப்புப் பொம்மையை எடுத்து எட்டு கட்டம் நகர்த்தினான். மூன்றாவது சுற்றில் ஒயிட் பேஸின் பீரங்கி அடித்துச் செத்துப்போனான்.

"அண்ணா, ஷார் இப்படியா சாவான்?" என்றான்.

"தரவுத்தாள்ல அப்படித்தானே இருக்கு" என்றார் எழுதியவர்.

அடுத்த தடவை போனபோது திருத்தியிருந்தார். சாதாரண ஜாக்குவைப்போல மூன்று மடங்கு வேகம் என்று தொடரிலேயே வருகிறதே, அதனால் பதினெட்டுக் கட்டம். இப்போது ஷார் வரைபடத்தை ஒரு சுற்று சுற்றி, எல்லாரையும் பின்னாலிருந்து அடித்து, காபி வருவதற்குள் ஆட்டத்தை முடித்துவிட்டான். எதிர்த்து ஆடியவர்களுக்குப் பயமும் இல்லை, சுவாரசியமும் இல்லை. எரிச்சல்தான்.

அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கப்பலின் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவன், சாதாரண ஜாக்குவின் மூன்று மடங்கு வேகத்தில் ஒன்று நெருங்குகிறது என்கிறான். காயப்பட்டுப் படுத்திருக்கும் கேப்டன் பாவ்லோ பதறுகிறார். லூம் போரில் ஐந்து போர்க்கப்பல்கள் இந்த ஒருவனால் அழிந்தன, ஓடுங்கள் என்கிறார். அனுபவமுள்ள ஒரே அதிகாரி, சண்டை தொடங்கும் முன்பே கதிகலங்கிப் போகிறார். அந்த வேகம் கதையில் செய்யும் வேலை இதுதான். நாம் என்ன செய்தாலும் அவன் ஏற்கெனவே அங்கே இருப்பான் என்கிற பயம்.

இதற்கு விதி ஒரு வரிதான். ஷாருக்கும் அதே ஆறு கட்டம் கொடுங்கள். ஆனால் மற்றவர்கள் எல்லாரும் தங்கள் நகர்வைச் சொல்லிமுடித்த பிறகு அவன் சொல்வான், அவர்கள் நகரும் முன்பே அவன் நகர்வான். அதே மேஜையில் அப்போதே ஆடிப் பார்த்தோம். இரண்டாவது சுற்றில் கன்டத்தை வைத்திருந்தவர் எங்கே போவதென்று சொல்லவே யோசித்தார். வாயைத் திறந்தால் அவன் அங்கே வந்து நிற்பான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எழுதியவருக்கு மட்டும் திருப்தி இல்லை. "அப்போ முப்பது சதவீதம்?" என்றார். அந்த முப்பது சதவீதம் மாடல் பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும்.

இந்தத் தவறில் எனக்கு ஆறாத கோபம் இன்னொரு காரணத்தால். தரவுத்தாள் மாறாது, அமுரோ மாறுகிறான். தொடக்கத்தில் அவன் கையேட்டைப் புரட்டிக்கொண்டே கன்டத்தை எழுப்பி நிறுத்துகிற ஒரு பையன். ஷாரோடு முதல் சண்டையில் தவறுக்கு மேல் தவறு செய்கிறான். ஆனால் ஜாக்குவின் குண்டுகள் கவசத்தில் பட்டுத் தெறிக்கின்றன, அதனால் பிழைக்கிறான். தொடரின் கடைசிப் பகுதியில் நிலைமை தலைகீழ். அவன் நினைக்கிற வேகத்துக்குக் கன்டத்தின் மூட்டுகள் ஈடுகொடுக்கவில்லை. மூட்டுகளுக்குக் காந்தப் பூச்சு போட்டு உராய்வைக் குறைக்க வேண்டியிருக்கிறது. முதலில் இயந்திரம் பையனைத் தூக்கிப் பிடித்தது, பிறகு பையனை இயந்திரம் பிடித்து இழுக்கிறது. கன்டம் கதையின் முதுகெலும்பே இது. பலம் 14 என்று எழுதிவைத்த தாளில் இதற்கு இடமே இல்லை.

நான் பயன்படுத்துவது இப்படி. பைலட்டுக்குப் பகடை, இயந்திரத்துக்கு இரண்டே எண்: தரையும் கூரையும். கன்டத்துக்குத் தரை 5, கூரை 8. ஜாக்குவுக்குத் தரை 2, கூரை 7. புதுப் பைலட் ஆறுமுகப் பகடை உருட்டுகிறான். 1 விழுந்தாலும் கன்டத்தில் அது 5-ஆகவே கணக்கு. ஜாக்குவில் இருந்தால் 2 தான், அதாவது செத்தான். பத்து சண்டை தாண்டிய பைலட் பன்னிரண்டு முகப் பகடை உருட்டுவான். 11 விழுந்ததும் மேஜையே கத்தும், ஆனால் கூரை 8. "இந்த வண்டி என்னைப் பிடிச்சு இழுக்குது" என்று ஆடுகிறவர் தானாகவே சொல்லுவார். யாரும் வசனம் எழுதிக் கொடுக்க வேண்டாம். அப்புறம் ஒருநாள் மெக்கானிக் காந்தப் பூச்சு போடுவார், கூரையை அழித்துவிடலாம். மூன்று எண்ணில் முழுத் தொடரும் உள்ளே வந்துவிடுகிறது. நாற்பது பெட்டி தேவைப்படவில்லை.

உடனே ஒருவர் கேட்பார்: பேட்டில்டெக் என்ற ரோபோச் சண்டை ஆட்டம் எண்களால்தானே இத்தனை வருடம் ஓடுகிறது? ஓடுகிறது, எனக்கும் பிடிக்கும். 1984-ல் ஃபாசா நிறுவனம் அதை வெளியிட்டபோது டக்ராம், மாக்ரோஸ் போன்ற அனிமேக்களிலிருந்து ரோபோ உருவங்களை எடுத்துக்கொண்டது. கதையை எடுக்கவில்லை. உலகம், அரச குடும்பங்கள், கூலிப்படைகள் எல்லாம் சொந்தச் சரக்கு. 30 மீட்டருக்கு ஒரு அறுகோணம், பத்து நொடிக்கு ஒரு சுற்று. சுடச் சுட வெப்பம் ஏறும், ஏறினால் இயந்திரம் நின்றுபோகும். இன்னும் ஒரு தடவை சுடலாமா, வெடித்துவிடுமா என்று பெட்டியை எண்ணுவதுதான் அங்கே சுகம். அங்கே இயந்திரம்தான் கதாநாயகன். அந்த எஞ்சினைக் கழற்றி அமுரோவின் கதையில் பொருத்தினால், அமுரோ உள்ளே இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது.

ஒரு வருடம் அட்டவணை போட்டுவிட்டு, முதல் ஆட்டத்திலேயே சலித்து, மொத்தத்தையும் மூட்டை கட்டியவர்களை எனக்குத் தெரியும். நல்ல கற்பனை உள்ளவர்கள். ஒரு பீம் ரைஃபிளின் மெகாவாட்டைச் சரிபார்க்க ராத்திரி முழுக்க விழித்திருக்கும் கவனத்தில் பாதியை, அதைச் சுடுகிறவன் யார் என்பதில் வைத்திருந்தால் இன்றைக்கு நாலு நல்ல ஆட்டம் நம் கையில் இருந்திருக்கும்.

ஒருவர் ஓட்ட, மற்றவர் போன் பார்க்க

இணையும் ரோபோ எடுத்தால் இது நிச்சயம் வரும். கெட்டர் ரோபோவில் (1974) மூன்று விமானம், மூன்று பைலட். இணையும் வரிசையைப் பொறுத்து மூன்று உருவம்: ஒன்று வானத்துக்கு, ஒன்று தரைக்கு, ஒன்று தண்ணீருக்கு. எந்த உருவமோ அதற்குரியவர் கையில் கட்டுப்பாடு. மேஜையில் இதை அப்படியே வைத்தால் ரியோமாவாக ஆடுகிறவர் இரண்டு மணிநேரம் ஆடுவார். ஹயாட்டோவும் முசாஷியும் போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

பலர் கண்டுபிடிக்கும் தீர்வு, மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு பீரங்கி. அது வேலைக்கு ஆகாது, இரண்டாம் பட்ச வேலை என்று அவர்களுக்கே தெரியும். பிரிவதற்கான உரிமையை எல்லாருக்கும் கொடுங்கள். அடி விழும் நேரத்தில் மூவரில் யார் வேண்டுமானாலும் பிரிந்துவிடலாம் என்று வையுங்கள். அடி வெறுங்காற்றில் போகும், அடுத்து இணையும்போது பிரித்தவர்தான் ஓட்டுவார், ஆனால் எரிபொருளில் ஒன்று குறையும். அவ்வளவுதான், யாரும் போனைத் தொட மாட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே ஒருவர் மற்றவரிடமிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்குவதற்காகவே பிரித்தார். சண்டை வந்தது. கெட்டர் ரோபோவில் அதுவும் உண்டு, பரவாயில்லை.

தூரத்திலிருந்து சுடவிடுவது

துப்பாக்கிக்கு இருபது கட்டம் வீச்சு கொடுத்தால் எல்லாரும் மூலையில் நின்று சுடுவார்கள். பீம் வாளை எவனும் உருவ மாட்டான். கன்டத்தை உருவாக்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் அப்போதே தெரிந்திருந்தது. ஏவுகணையும் ரேடாரும் இருக்கும் காலத்தில் பதினெட்டு மீட்டர் மனித உருவம் எதற்கு? அதற்குத்தான் மினோவ்ஸ்கி துகள். அதைத் தூவிய இடத்தில் ரேடார் வேலை செய்யாது, தொலைதூரக் குறிவைப்பு நடக்காது, கண்ணால் பார்த்துக் கிட்டே போய்த்தான் அடிக்க வேண்டும். இதை முன்னுரையில் ஒரு பத்தியாக எழுதிவிட்டு விதியில் மறந்துபோன வரைவுகள்தான் நான் அதிகம் பார்ப்பது. நாலு கட்டத்துக்கு அப்பால் குறிவைக்கவே முடியாது என்று எழுதுங்கள். கைகலப்பு தானாக வரும்.

நீங்கள் எடுத்த தொடரில் மினோவ்ஸ்கி துகள் இல்லையென்றால், அங்கே ரோபோக்கள் ஏன் கிட்டே போய்ச் சண்டை போடுகின்றன என்று தேடுங்கள். காரணம் கிடைக்காவிட்டால் நீங்களே ஒன்று செய்துகொள்ளுங்கள்.

1/144 மாடலை வைத்து அளவு வரைபடம் போடுவது

நிஜ அளவில் 144-ல் ஒரு பங்காகச் செய்த உங்கள் கன்டம் மாடல் 12.5 சென்டிமீட்டர். அதே அளவில் ஒரு கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 7 மீட்டர். உங்கள் வீட்டுக் கூடம் எத்தனை மீட்டர்?

உருமாற்றத்துக்கு விலை வைப்பது

மாக்ரோஸின் (1982) வால்கரி விமானமாகும், மனித உருவாகும், நடுவில் கால் முளைத்த விமானமாகவும் நிற்கும். மாறுவதற்கு ஒரு முழு முறை செலவாகும் என்று எழுதினால் யாரும் மாற மாட்டார்கள். எந்த உருவத்தில் தொடங்கினார்களோ அதிலேயே ஆட்டம் முடியும். மாறுவது இலவசமாக இருக்கட்டும். ஒவ்வொரு உருவத்துக்கும் மற்றதால் முடியாத ஒரு வேலை கொடுங்கள். தொடரிலேயே பதில் இருக்கிறது: எதிரிகளான ஜென்ட்ராடிகள் பத்து மீட்டர் உயர மனிதர்கள். கதவைத் திறந்து அவர்கள் கப்பலுக்குள் நடந்து போக விமானத்தால் முடியுமா?

ஐந்து நிமிடத்தை நிஜக் கடிகாரத்தில் ஓடவிடுவது

எவாஞ்சலியனில் (1995) மின்கம்பி அறுந்தால் எவா என்கிற ராட்சத இயந்திரத்துக்கு மிஞ்சுவது ஐந்து நிமிடம். போனில் டைமர் வைத்தால் விதி தெரிந்தவர் வேகமாக ஆடுவார், தெரியாதவர் தோற்பார். மேஜையில் ஐந்து காசு வையுங்கள், சுற்றுக்கு ஒன்றாக எடுங்கள்.

ரோபோவை விட்டு இறங்கவே விடாதது

வரைவுகளில் பைலட்டுக்கென்று ஒரு தாள் இருக்கும். அதில் பெயர், வயது, தலைமுடி நிறம். கீழே விழுந்தால் என்ன, துப்பாக்கி எடுத்தால் என்ன, எதிரியை உணவு விடுதியில் சந்தித்தால் என்ன, ஒன்றுக்கும் விதி கிடையாது. ராம்பா ரால் என்ன ஆனார் என்று யோசியுங்கள். அமுரோ தன்னை அளந்து பார்க்கக் கிடைத்த முதல் பெரிய எதிரி. கூஃப் ரோபோவோடு வந்து மிரட்டியவர். ஆனால் அவர் சாவது ரோபோவுக்குள் இல்லை. ரோபோவை இழந்த பிறகு வீரர்களோடு ஒயிட் பேஸுக்குள் ஏறிச் சண்டை போடுகிறார். தன் பழைய எஜமானின் மகளை அங்கே எதிரிச் சீருடையில் பார்த்துத் திகைக்கிறார். அடிபட்டு, கடைசியில் கையெறி குண்டோடு குதித்துச் சாகிறார். கப்பல் நடைபாதைக்கு உங்களிடம் விதி இல்லையென்றால் இந்த மனிதர் வெறும் நீல ரோபோ.

இங்கே தனி விதிப்புத்தகம் எழுதச் சொல்லவில்லை. மேலே சொன்ன அதே பகடையை உருட்டச் சொல்லுங்கள். தரையும் இல்லை, கூரையும் இல்லை. கவசம் இல்லாமல் நிற்கிறோம் என்பது முதல் 1 விழும்போது ஆடுகிறவருக்கே தெரியும்.

உரிமை

வீட்டில் ஷாரை வைத்து ஆடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. விற்பதானால் பெயரும் உருவமும் சொந்தமாக இருக்க வேண்டும். அனிமே உருவங்களுக்கு உரிமம் வாங்கியே தொடங்கிய ஃபாசாகூட, 1990களில் வழக்கில் சிக்கி, புகழ்பெற்ற அந்த ரோபோக்களின் படங்களைத் தன் புத்தகங்களிலிருந்து எடுக்க வேண்டிவந்தது. ஆட்டக்காரர்கள் நீண்டகாலம் அவற்றைக் 'காணாதவை' என்றே அழைத்தார்கள். பெயர் அட்டவணையில் இருக்கும், பக்கத்தில் படம் இருக்காது.