கரிசலில் திணறிய மினி டிராக்டர்: ரோட்டாவேட்டர் கியரில் இருந்தது கோளாறு

24 எச்பி வண்டி, பின்னால் 4 அடி ரோட்டாவேட்டர் (சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறும் கருவி). செம்மண்ணில் சத்தமில்லாமல் ஓடும். கரிசலில் 5 அங்குலம் இறங்கினாலே கரும்புகை, ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) சரிவு, கடைசியில் அணைந்துவிடும். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. இன்ஜெக்டரும் சோதித்தாயிற்று. பலனில்லை. வண்டியை லோ முதல் கியரில், மிக மெதுவாக ஓட்டினால் ஓடியது, ஆனால் மண் மாவாகிவிட்டது. மழை பெய்தால் இறுகிப்போகும்.

பிடிஓ-வில் (கருவியைச் சுழற்றும் டிராக்டரின் பின் தண்டு) கிடைப்பதே 20 எச்பி அளவுதான். அடிக்கு 5 எச்பி என்று வைத்தால் 4 அடிக்கு இழுபறி. 3 அடி வாங்கலாமென்றால் டயர் தடம் உழவுக்கு வெளியே நிற்கும். அகலத்தைக் குறைக்க வழியில்லை; பிளேடு சுற்றும் வேகத்தைப் பார்த்தேன்.

ரோட்டாவேட்டரைத் தூக்கி, வண்டியை அணைத்து, பிடிஓ-வோடு இணைக்கும் ஷாஃப்டைக் கழற்றி, உள்ளீட்டுத் தண்டைக் கையால் 10 சுற்று சுற்றினேன். பிளேடு தண்டு 4 சுற்றுக்கு மேல் சுற்றியது. அதாவது பிடிஓ 540 ஆர்பிஎம்-இல் சுற்றும்போது பிளேடு சுமார் 230 ஆர்பிஎம். கரிசலுக்கு அது அதிகம். மல்டி ஸ்பீடு கியர் பாக்ஸ் என்றால் பின்மூடிக்குள் இரண்டு கியர் இருக்கும். ஆயிலை வடித்து, இரண்டையும் இடம் மாற்றிப் போட்டதும் 180-க்கு வந்தது. கட்டி கொஞ்சம் பெரிதாக விழுகிறது, புகை இல்லை. மூடிக்குப் புது கேஸ்கெட் போடுங்கள், பழையது கசியும்.