பி-கியூ கொண்டு ஜாவாஸ்கிரிப்ட் பணிகளை வரிசையில் நிறுத்துவது எப்படி?

ஆயிரம் இணைய முகவரிகளுக்கும் ஃபெட்ச் (தரவைக் கேட்டுப் பெறும் கட்டளை) அழைப்பு விடுத்து, அவற்றை மொத்தமாகப் பிராமிஸ்.ஆல் என்பதற்குள் போட்டால், ஆயிரம் கோரிக்கைகளும் ஒரே மூச்சில் கிளம்பிவிடும். எதிர்முனைச் சேவையகம் 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பத் தொடங்கும். பிராமிஸ்.ஆல் முடிவுகளுக்காகக் காத்திருக்குமே தவிர, எதையும் தடுத்து நிறுத்தாது. அந்த வேலைக்குச் சிந்த்ரே சோர்ஹூஸ் எழுதிய பி-கியூ நூலகம் பொருத்தமானது. அதைக் கொண்டு எழுதிய நிரலை ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும்.

என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை நிறுவும் கருவி) வழியாக நிறுவியபின், இம்போர்ட் கூற்றால் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையை உருவாக்கும்போதே கன்கரன்சி மதிப்பை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை பணிகள் ஓடலாம் என்பதை, எடுத்துக்காட்டாக 4 என்று, கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் வரம்பே கிடையாது. வரிசை இருந்தும் பயனில்லை.

அடுத்து, ஆட் முறையால் பணிகளைச் சேர்க்கலாம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் ஃபெட்ச் அழைப்பை நேரடியாக எழுதினால், வரிசையின் கைக்கு வருமுன்பே கோரிக்கை புறப்பட்டுவிடும். ஆகவே, வெற்று அடைப்புக்குறி, அம்புக்குறி, அதன்பின் அழைப்பு என்று ஒரு ஃபங்ஷனாகப் பொதிந்து கொடுக்க வேண்டும். வரிசைக்குத் தேவை இன்னும் தொடங்காத வேலை.

கன்கரன்சி மட்டும் போதுமா என்றால், போதாது. ஒவ்வொரு பதிலும் 50 மில்லி விநாடியில் வந்துவிட்டால், நான்கு நான்காக அனுப்பினாலும் விநாடிக்கு 80 கோரிக்கைகள் போய்விடும். சேவையகம் விநாடிக்கு 10 மட்டுமே அனுமதிக்கிறது என்றால், இன்டர்வல் 1000 (மில்லி விநாடி), இன்டர்வல்கேப் 10 என்றும் சேர்த்துக் கொடுங்கள். கன்கரன்சி ஒரே நேரத்தில் ஓடுபவற்றையும், இன்டர்வல், இன்டர்வல்கேப் இரண்டும் குறித்த காலத்துக்குள் தொடங்குபவற்றையும் கட்டுப்படுத்துகின்றன.

அவசரப் பணிக்குப் பிரையாரிட்டி எண்ணை உயர்த்தலாம். பெரிய எண் முந்தும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பணியை அது இடைமறிக்காது.

எல்லாம் முடிந்ததா என்று அறிய ஆன்எம்ப்டியைப் பயன்படுத்தாதீர்கள். காத்திருந்த பணிகள் தீர்ந்ததையே அது சொல்லும். கடைசி நான்கு பணிகள் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஓடுபவையும் முடியும்வரை காத்திருப்பது ஆன்ஐடில் மட்டுமே. தவிர, ஆட் திருப்பித் தரும் பிராமிஸ் (பின்னர் வரப்போகும் முடிவைக் குறிக்கும் பொருள்) ஒவ்வொன்றுக்கும், தோல்வியைக் கையாளும் கேட்ச் எழுதிவிடுங்கள். நோட் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் மென்பொருள்) 15ஆம் பதிப்பு முதல், கவனிக்கப்படாத ஒரே ஒரு நிராகரிப்பு போதும், இயல்பு அமைப்பில் முழு நிரலும் நின்றுவிடும்.

இந்த வரிசை நினைவகத்தில் மட்டுமே வாழ்வதால், உங்கள் சேவையகத்தை மறுதொடக்கம் செய்தால் காத்திருந்த பணிகள் அனைத்தும் மறைந்துவிடும். பில் அனுப்புதல் போன்ற, தொலைந்துபோகக் கூடாத வேலைகளுக்கு ரெடிஸ் என்னும் தரவுத்தளத்தில் பணிகளைச் சேமிக்கும் புல்எம்கியூ நூலகத்துக்குப் போய்விடுங்கள்.