பேங்கர்ஸ் அண்ட் மேஷ் பண்றீங்களா, முதல்ல வெங்காயத்த உரிங்க

இங்கிலாந்துல எந்த ஊர் பப்புக்குள்ள போனாலும் மெனுல ஒரு மூலைல பேங்கர்ஸ் அண்ட் மேஷ் கண்டிப்பா இருக்கும். மசிச்ச உருளைக்கிழங்கு ஒரு குவியல், அதுமேல சாஞ்சு படுத்த மாதிரி ரெண்டு மூணு சாசேஜ், சுத்தி பழுப்பா வெங்காய கிரேவி, அவ்ளோதான். நான் லீட்ஸ்ல படிக்க வந்த புதுசுல இத பாத்துட்டு உப்பு உறைப்பு இல்லாத பத்தியச் சாப்பாடுனு ஒதுக்கி வெச்சுட்டேன், அப்புறம் நான் வாடகைக்கு இருந்த வீட்டு பாட்டி ஒரு ஞாயித்துக்கிழம தட்டு நிறைய வெச்சு குடுத்தாங்க, அன்னிக்குதான் தெரிஞ்சுது பப்புல நான் சாப்பிட்டது பொடிய வெந்நீர்ல கரைச்ச கிரேவினு.

இத பண்ற பலபேர் முதல்ல சாசேஜ அடுப்புல போட்டுட்டு அப்புறம்தான் வெங்காயத்த தேடுவாங்க. சாசேஜுக்கு 25 நிமிஷம், கிழங்குக்கு 25 நிமிஷம், ஆனா வெங்காயத்துக்கு முழுசா 40 நிமிஷம் வேணும். அதனால கடைசில வெங்காயம் பாதி வெந்தும் வேகாமயும் கிரேவில மிதக்கும், சாசேஜ் ஆறிப்போய் கெடக்கும். வெங்காயத்துல ஆரம்பிச்சா மத்ததெல்லாம் தானா வரிசைக்கு வந்துரும், நம்பி பண்ணுங்க.

நாலு பேருக்கு நான் எடுக்குறது: சாசேஜ் 8, உருளைக்கிழங்கு 1 கிலோ, பெரிய வெங்காயம் 4 (சுமாரா 600 கிராம் வரும், பாத்தா ரொம்ப ஜாஸ்தியா தோணும், வதங்கினா ஒரு கைப்பிடிதான்), வெண்ணெய் 100 கிராம், பால் 150 மில்லி, பீஃப் ஸ்டாக் 500 மில்லி, மைதா ஒரு டேபிள்ஸ்பூன், வூஸ்டர் சாஸ், கொஞ்சம் தைம் (ஒரு வாசனை இலை), ஒரு பிரிஞ்சி இலை, கடுகு பேஸ்ட், உப்பு, மிளகு. ஸ்டாக் வீட்லயே எலும்பு வேகவெச்சு எடுத்தா சொல்லவே வேணாம், இல்லனா கடைல விக்கிற க்யூப் ஒண்ணு வெந்நீர்ல கரைச்சுக்கங்க, இங்க பாதி வீட்ல அதுதான் நடக்குது.

வெங்காயத்த வட்டமா வெட்டாதீங்க, வேர்லருந்து நுனிக்கு நீளவாக்குல வெட்டுங்க, அப்பதான் ரொம்ப நேரம் வதங்கினாலும் கரைஞ்சு காணாம போகாது. அடி கனமான அகலமான பாத்திரத்துல 25 கிராம் வெண்ணெய், கூட ஒரு ஸ்பூன் எண்ணெய், அது உருகினதும் வெங்காயம், அரை டீஸ்பூன் உப்பு. மூடி போட்டு மிதமான தீல 10 நிமிஷம் விட்டா உப்பு இழுத்த தண்ணிலயே வெங்காயம் துவண்டுரும். அப்புறம் மூடிய எடுத்துட்டு தீய நல்லா கொறைச்சுட்டு இன்னும் ஒரு அரைமணி நேரம், அப்பப்ப வந்து கிளறி விட்டா போதும்.

நம்ம ஆளுங்க பண்ற தப்பு இங்கதான். நமக்கு வெங்காயம் வதக்குறது கைவந்த கலை, அதனாலயே பொன்னிறம் வந்ததும் கை தானா அடுத்த சாமானுக்கு போயிரும். இதுக்கு பொன்னிறம் பத்தாது. பிரியாணிக்கு பொரிக்கிற மாதிரி தீய கூட்டி சீக்கிரமா செவக்க வெச்சாலும் ஆகாது, அது ஓரம் கருகி உள்ள பச்சையா நிக்கும், கிரேவி கசக்கும். வெங்காயத்துல முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான், அந்த தண்ணி போற வரைக்கும் நெஜமான நிறம் ஏறாது, தண்ணி போனப்புறம்தான் உள்ள இருக்க சர்க்கரை செவக்க ஆரம்பிக்கும். நாட்டுச்சர்க்கரை கலர் வரணும், எடுத்து வாய்ல போட்டா ஜாம் மாதிரி இனிக்கணும். நடுவுல அடிப்பிடிக்குற மாதிரி இருந்தா பயப்படாதீங்க, ஒரு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மரக்கரண்டியால அடிய சொரண்டி விடுங்க, அந்த பழுப்பு ஒட்டல்தான் கிரேவியோட ருசியே. சீக்கிரம் ஆகட்டும்னு சோடா உப்பு போடச் சொல்லி வீடியோ எல்லாம் சுத்துது, நானும் போட்டு பாத்தேன், கலர் என்னவோ சீக்கிரம் வந்துச்சு ஆனா வெங்காயம் கொழகொழனு கூழாயிருச்சு, வேணாம்.

நிறம் வந்ததும் மைதாவ தூவி ரெண்டு நிமிஷம் பச்ச வாசனை போற வரைக்கும் கிளறுங்க. ரெட் ஒயினோ டார்க் ஏல் பியரோ கைவசம் இருந்தா ஒரு 100 மில்லி ஊத்தி நல்லா சுண்ட விடுங்க, இல்லனா விட்ருங்க, அதுக்காக ஒரு பாட்டில் வாங்கணும்னு இல்ல. இப்ப ஸ்டாக்க கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி கிளறணும், மொத்தமா கொட்டினா கட்டி தட்டிரும். தைம், பிரிஞ்சி இலை போட்டு சிம்ல ஒரு 12, 15 நிமிஷம். கரண்டியோட முதுகுல ஊத்தினா மெல்லிசா ஒரு படலம் ஒட்டி நிக்கணும், அதுதான் பதம். ஆறினா இன்னும் கெட்டியாகும், அதனால கொஞ்சம் தண்ணியா இருக்கும்போதே நிறுத்திருங்க.

கடைசில ரெண்டு டீஸ்பூன் வூஸ்டர் சாஸ். வூஸ்டர் ஊர்ல மருந்துக்கடை வெச்சிருந்த லீ, பெரின்ஸ்னு ரெண்டு பேர் 1837ல விக்க ஆரம்பிச்ச சாஸ் இது, பாட்டில திருப்பி லேபிள படிச்சு பாருங்க, நெத்திலி ஜாதி மீனும் புளியும் இருக்கும். ஆமா, நம்ம புளியேதான். கிரேவில வெங்காய இனிப்பும் மாட்டு ஸ்டாக்கோட கனமும் சேந்து திகட்டுற நேரத்துல அத வெட்டி விடறது இந்த புளிப்புதான். உப்பு மட்டும் கடைசி வரைக்கும் போடாதீங்க, க்யூப்லயே நெறைய உப்பு, சாஸ்லயும் உப்பு, ருசி பாத்துட்டு வேணும்னா போடுங்க.

பிஸ்டோனு ஒரு கிரேவி பொடி இங்க 1908லருந்து விக்கிது, எல்லா வீட்டு அலமாரிலயும் ஒரு டப்பா நிக்கும். நான் அத திட்ட மாட்டேன், கிரேவி ரொம்ப தண்ணியா போச்சுனா ஒரு ஸ்பூன் தூவி சரி பண்ணிக்கலாம். ஆனா அதையே முழு கிரேவினு ஊத்துனா நான் முதல்ல சாப்பிட்ட பப்பு சாப்பாடுதான் வரும்.

சாசேஜுக்கு வருவோம். நம்மூர் சூப்பர்மார்க்கெட்ல பாக்கெட்ல வர்றதுல பல ஏற்கனவே வேகவெச்சது, சூடு பண்ணா போதும். இங்க விக்கிற பிரிட்டிஷ் சாசேஜ் அப்டி இல்ல, பச்சைக்கறி, கூட ரஸ்க் தூள், மசாலா, அத குடல்ல அடைச்சு கட்டினது. ரஸ்க்னா டீல முக்குற ரஸ்க்கோட தூரத்து சொந்தம்னு வெச்சுக்கங்க, கறியோட சாறையும் கொழுப்பையும் உறிஞ்சி பிடிச்சு வெக்கிற வேலை அதுக்கு. போர்க் சாசேஜ்னு பேர் போட்டு விக்கணும்னா இங்க சட்டப்படி குறைஞ்சது 42 சதவீதம் பன்னிக்கறி இருக்கணும், அதாவது ரொம்ப மலிவு பாக்கெட்ல பாதிக்கு மேல கறியே இல்லாம இருக்கலாம், அதனால லேபிள்ல சதவீதத்த பாத்து வாங்குங்க, 80க்கு மேல இருந்தா நல்லது. லிங்கன்ஷயர் சாசேஜ்ல சேஜ் இலை வாசம் தூக்கலா இருக்கும். கம்பர்லண்ட் சாசேஜ்ல மிளகு காரம் இருக்கும், நம்ம நாக்குக்கு அதுதான் சரி. அசல் கம்பர்லண்ட் தனித்தனி துண்டா வராது, ஜிலேபி மாதிரி ஒரே நீளமா சுருட்டி வெச்சிருப்பாங்க, 2011லருந்து அதுக்கு புவிசார் குறியீடு இருக்கு, நம்ம காஞ்சிபுரம் பட்டுக்கு இருக்க மாதிரி.

பன்னி சாப்பிடாதவங்களுக்கு கோழி சாசேஜ், ஹலால் ஆட்டுக்கறி சாசேஜ் எல்லாம் கிடைக்குது, சைவம்னா லிண்டா மெக்கார்ட்னி பாக்கெட் ஃப்ரீசர் பகுதில இருக்கும். சைவத்துக்கு பண்ணும்போது ஸ்டாக்கும் காய்கறி ஸ்டாக்கா மாத்துங்க, வூஸ்டர் சாஸ்ல மீன் இருக்குறத மறந்துறாதீங்க, அதுக்கு பதிலா சோயா சாஸ் ஒரு ஸ்பூன், புளிக்கரைசல் ஒரு ஸ்பூன் ஊத்துனா கிட்டத்தட்ட அதே ருசி.

பேங்கர்னா வெடிக்கிறதுனு அர்த்தம். உலகப்போர் சமயத்துல கறி தட்டுப்பாடு, சாசேஜ்ல தண்ணியும் மாவும் ஏத்தி அடைச்சாங்க, சூடான சட்டில போட்டா படார்னு வெடிச்சுது, அந்த பேரு அப்டியே ஒட்டிக்கிச்சுனு சொல்வாங்க. சாசேஜ முள்கரண்டியால குத்திட்டு போடுற பழக்கமும் அதனாலதான். இப்ப வர்ற நல்ல சாசேஜ குத்தாதீங்க, குத்துனா சாறு பூரா சட்டிக்கு போயிரும், நமக்கு சக்கை மிஞ்சும். வெடிக்காம இருக்க ஒரே வழி கம்மி தீ. சட்டில ஒரு ஸ்பூன் எண்ணெய், சாசேஜ நெருக்காம அடுக்கி, மிதத்துக்கும் கீழ தீ வெச்சு 20, 25 நிமிஷம், ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் உருட்டி விட்டுக்கிட்டே இருங்க. எல்லா பக்கமும் ஒரே மாதிரி செவந்து பிசுபிசுனு ஒட்டணும். தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல குத்தி பாருங்க, 75 டிகிரி வந்துட்டா எடுத்துரலாம், இல்லனா ஒண்ண வெட்டி பாருங்க, உள்ள ரோஸ் கலர் துளி கூட இருக்க கூடாது. நிக்க நேரமில்லனா அவன்ல 200 டிகிரில 25லருந்து 30 நிமிஷம், நடுவுல ஒருதடவ திருப்பி போடுங்க. சுலபம்தான், ஆனா சட்டில வர்ற அந்த ஒட்டல் வராது. சாசேஜ எடுத்தப்புறம் சட்டிய கழுவ போட்றாதீங்க! கொழுப்ப மட்டும் வடிச்சுட்டு ரெண்டு கரண்டி கிரேவிய அதுல ஊத்தி அடிய சொரண்டி மறுபடி கிரேவி பாத்திரத்துலயே சேத்துருங்க.

கிழங்கு மாவா இருக்குற ரகமா பாத்து வாங்கணும், இங்க மேரிஸ் பைப்பர் இல்லனா கிங் எட்வர்ட், ரெண்டும் எந்த கடைலயும் கிடைக்கும். மெழுகு மாதிரி வழவழனு இருக்க புதுக்கிழங்கு சாலட்டுக்கு ஆகும், மேஷுக்கு ஆகாது. தோல் சீவி எல்லாம் ஒரே அளவு துண்டா வெட்டி ஒருதரம் அலசிட்டு பச்சத்தண்ணில உப்பு போட்டு அடுப்புல ஏத்துங்க. கொதிக்கிற தண்ணில போட்டா வெளிப்பக்கம் கரையும், நடுவுல கல்லு மாதிரி நிக்கும். கொதி வந்ததும் தீய கொறைச்சு 15 நிமிஷம், கத்தி வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்கணும். தண்ணிய வடிச்சுட்டு அதே பாத்திரத்துல திரும்ப போட்டு, லேசான தீல ஒரு நிமிஷம் குலுக்குங்க, ஆவி பூரா போயி ஓரம் மாவு பூத்த மாதிரி ஆகும். இத விட்டுட்டா மேஷ் சொதசொதனு இருக்கும்.

இப்ப மசிக்கணும், கடைய கூடாது. ரெண்டுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு. நான் முதல் தடவ சோம்பேறித்தனமா மிக்ஸில போட்டு ஒரு சுத்து விட்டேன், போஸ்டர் ஒட்டுற பசைதான் வந்துச்சு, கரண்டிய தூக்குனா நூல் நூலா இழுக்குது. பிளேடு சுத்துறதுல கிழங்குக்குள்ள இருக்க ஸ்டார்ச் பூரா வெளிய வந்து ஒட்டிக்கிறதால அப்டி ஆகுது, அதுக்கு மேல என்ன பண்ணாலும் சரி பண்ண முடியாது. மேலருந்து கீழ அமுக்கி மட்டும் மசிங்க. ரைசர்னு ஒரு சாமான் விக்கிறாங்க, பாத்தா நம்ம இடியாப்ப அச்சுதான், வீட்ல அச்சு இருந்தா அதுலயே சுடச்சுட கிழங்க போட்டு புழிஞ்சுருங்க, ஒரு கட்டி இருக்காது. மீதி 75 கிராம் வெண்ணெய முதல்ல சேருங்க, அது கலந்தப்புறம் சூடு பண்ண பால கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, பால் மொத்தமும் தேவைப்படாமயும் போகலாம். ஆறின பால ஊத்துனா மேஷும் ஆறிரும். உப்பு, மிளகுத்தூள், பிடிச்சா ஒரு டீஸ்பூன் இங்கிலீஷ் கடுகு பேஸ்ட். அது மூக்குல ஏறும், அளவா போடுங்க.

ராத்திரி 7 மணிக்கு சாப்பிடணும்னா 6 மணிக்கு வெங்காயம் அடுப்புல இருக்கணும். 6:15க்கு கிழங்கு சீவ உக்காருங்க, 6:30க்கு கிழங்கு ஒரு அடுப்புல, சாசேஜ் இன்னொரு அடுப்புல. 6:40க்கு வெங்காயத்துல மைதாவும் ஸ்டாக்கும். 6:55க்கு சாசேஜ எடுத்து அஞ்சு நிமிஷம் தட்டுல வெச்சுட்டு அந்த நேரத்துல கிழங்க மசிங்க. பச்சப் பட்டாணி ஃப்ரீசர்ல இருந்தா மூணு நிமிஷம் வெந்நீர்ல போட்டு எடுத்தா போதும். தட்டையும் லேசா சூடு பண்ணிக்கங்க, இந்த ஊர் குளிர்ல ஆறின தட்டுல போட்டா கிரேவி மேல உடனே ஆடை கட்டிரும்.

பரிமாறும்போது மேஷ் நடுவுல கரண்டியால ஒரு குழி பண்ணுங்க, சோத்துல குழி பறிச்சு ரசம் ஊத்திக்கிற அதே மாதிரி. அதுல கிரேவி நிறைய ஊத்தி, பக்கத்துல சாசேஜ சாச்சு வெச்சுட்டு, மிச்ச வெங்காயத்த மேல அள்ளி போடுங்க.

மேஷ் மிஞ்சுச்சுனா தூக்கி போட்றாதீங்க. மறுநாள் காலைல வேகவெச்ச முட்டைகோஸ அதோட பிசைஞ்சு அடை மாதிரி தட்டி வெண்ணெய்ல மொறுமொறுனு சுட்டு எடுங்க, அதுக்கு பபுள் அண்ட் ஸ்க்வீக்னு பேரு, மேல ஒரு முட்டைய பொரிச்சு போட்டுக்கலாம். நான் இதுக்காகவே ராத்திரி ரெண்டு கிழங்கு கூடுதலா வேகவெச்சுருவேன்.