‘கஸ்’ (cuss) என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

ஓர் இளைஞர் தம் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிய புகார்க் கடிதத்தைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் தம்மைத் திட்டியதை, ‘ஹி கஸ்ட் மீ அவுட்’ என்று எழுதியிருந்தார். அப்படி என்ன கெட்ட வார்த்தை சொன்னார் என்று கேட்டேன். கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை, ‘இந்த வேலைக்கு இரண்டு நாளா?’ என்று சத்தம் போட்டார், அவ்வளவுதான் என்றார். கடிதம் அப்படியே போயிருந்தால், சொல்லாத ஆபாசச் சொற்களைச் சொன்னதாக மேலாளர் மீது எழுத்திலேயே பழி சுமத்தியதாக ஆகியிருக்கும்.

குழப்பத்தின் வேர் தமிழின் ‘திட்டு’ என்ற சொல்லில் இருக்கிறது. பாலைப் பொங்கவிட்டதற்கு அம்மா திட்டுவதும், தெருச்சண்டையில் ஒருவன் இன்னொருவனின் பிறப்பை இழுத்துத் திட்டுவதும் நமக்கு ஒரே வினைதான். ஆங்கிலத்தில் முன்னது ‘ஸ்கோல்ட்’. பின்னது மட்டுமே ‘கஸ்’. ஆகவே, சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன், அவர் சொன்னதை ஒரு குழந்தையின் முன்னால் அப்படியே திருப்பிச் சொல்ல நமக்குக் கூசுமா என்று யோசித்துப் பார்ப்பது நல்லது. கூசினால் ‘கஸ்’, இல்லையென்றால் ‘ஸ்கோல்ட்’.

‘கர்ஸ்’ என்ற சொல்லில் ரகர ஒலி தேய்ந்து அமெரிக்கப் பேச்சில் உருவானதே ‘கஸ்’. ‘பர்ஸ்ட்’ என்பது ‘பஸ்ட்’ ஆனதும் இதே வகையில்தான். ஆனால் ‘கர்ஸ்’ (curse) சாபத்தையும் குறிக்கும், வசைக்கே வழங்கும் இன்னொரு சொல்லான ‘ஸ்வேர்’ (swear) சத்தியம் செய்வதையும் குறிக்கும். ‘கஸ்’ என்ற வினையோ பெரும்பாலும் வசையோடு நின்றுவிடுகிறது. துர்வாசர் சகுந்தலைக்கு இட்ட சாபத்தை இந்தச் சொல்லால் எழுதினால், முனிவர் ஏதோ தெருமுனையில் நின்று கத்தியதுபோல ஆகிவிடும்.

வாக்கியத்தில் அமைக்கும்போது, பொதுவாகக் கெட்ட வார்த்தை பேசுவதற்கு இது தனியாகவே வரும். கிளம்ப மறுக்கும் வண்டியைப் பார்த்து வைவதுபோல ஒன்றை நோக்கிச் சொன்னால் ‘கஸ் அட்’ என்றும், ஒருவரை நேருக்கு நேர் நிறுத்தி வாய்க்கு வந்தபடி ஏசினால், அவரைக் குறிக்கும் சொல்லை நடுவில் வைத்து ‘கஸ் ஹிம் அவுட்’ என்றும் எழுத வேண்டும். கெட்ட வார்த்தைக்குப் பெயர் ‘கஸ் வேர்ட்’.

இந்தச் சொல் கெட்ட வார்த்தையைக் குறிக்கிறதே தவிர, தானே கெட்ட வார்த்தை அன்று. அமெரிக்க ஆசிரியர் சிறுவர்களிடம் ‘நோ கஸ்ஸிங்’ என்று கூச்சமின்றிச் சொல்லலாம். குறிப்பாக அமெரிக்கத் தென் மாநிலங்களின் பேச்சில் இது இயல்பாகப் புழங்குகிறது. இங்கிலாந்தில் ‘ஸ்வேர்’ என்பதே பொது வழக்கு. எங்கானாலும் இது பேச்சுச் சொல்தான் என்பதால், விண்ணப்பத்திலும் ஆய்வுக் கட்டுரையிலும் ‘அப்யூசிவ் லாங்குவேஜ்’ அல்லது ‘ப்ரொஃபேனிட்டி’ என்று எழுதுவதே பொருந்தும். காவல்நிலையப் புகாரில் இவையும் போதா. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசிப் பிறருக்குத் தொல்லை தருவதைப் பற்றிய பிரிவு, இந்திய தண்டனைச் சட்டத்தில் 294 ஆக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296 ஆக உள்ளது. அங்கே ‘கஸ் செய்தார்’ என்று மூடி மறைக்காமல், அவர் என்ன சொன்னார் என்பதை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும்.

பழைய அமெரிக்கக் கதைகளைப் படிப்போர் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். அங்கே ஒரு கிழவரையோ கழுதையையோ ‘ஸ்டபர்ன் ஓல்ட் கஸ்’ என்று சொன்னால், யாரும் யாரையும் வையவில்லை. ‘பிடிவாதக்காரப் பயல்’ என்று பாதி எரிச்சலும் பாதி வாஞ்சையுமாகச் சொல்கிறார்கள். இந்தப் பொருளிலிருந்து வரும் பெயரடையை, வினையின் இறந்தகால வடிவமும் அதுவும் எழுத்தில் ஒன்றாகவே (cussed) இருந்தாலும், ‘கஸ்ட்’ என்று ஓரசையாக அல்லாமல் ‘கஸிட்’ என்று ஈரசையாக உச்சரிக்க வேண்டும்.